அச்சிட்ட வானவில்: தீப்பெட்டிப் படமும் இரு தனிமைகளும்

ஒரு நாட்டின் கலை வரலாற்றை எழுதப் புகுவோர் கோபுரங்களையும் செப்புத் திருமேனிகளையும் சுவரோவியங்களையும் முதலில் நாடுவது இயல்பு. கைக்கு அடக்கமான பொருள்கள் அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. பயன்பட்ட பின் வீசி எறியப்படும் பொருள்களுக்கோ அந்த அரிய வாய்ப்பும் வாய்ப்பதில்லை. தீப்பெட்டியின் மேல் ஒட்டப்பட்ட சிறு படம் அத்தகைய ஒன்று. அடுப்படி மாடத்திலும், பெட்டிக்கடைப் பலகையிலும், வண்டிக்காரரின் மடியிலும் இருந்த அந்தக் காகிதத் துண்டினை ஓவியம் என்று மதித்தோர் மிகச் சிலரே. சிறுவர்கள் மட்டும் அதன் மதிப்பை அறிந்திருந்தனர். பெட்டியைத் தண்ணீரில் நனைத்துப் படத்தை உரித்தெடுத்து, அடுக்கி வைத்து, பந்தயம் வைத்து விளையாடிய தலைமுறைகள் தமிழ்நாட்டில் உண்டு. வளர்ந்த பின் அவர்களும் அதனை மறந்தனர்.

அவ்வாறு மறக்கப்பட்ட சிறு படத்தையே ஒரு கதையின் உயிராகக் கொண்டு 2006-ஆம் ஆண்டில் ஓர் அசைபடம் வெளிவந்தது. மும்பையைச் சேர்ந்த கீதாஞ்சலி ராவ் என்னும் ஓவியர் உருவாக்கிய 'பிரிண்டட் ரெயின்போ' என்பது அதன் பெயர். தமிழில் 'அச்சிட்ட வானவில்' எனலாம். பதினைந்து நிமிடங்களே ஓடும் இக்குறும்படம், தனிமையில் வாழும் ஒரு மூதாட்டியைப் பற்றியது. அவள் தன் பூனையோடு தீப்பெட்டிப் படங்களுக்குள் புகுந்து வேறு உலகங்களுக்குச் செல்கிறாள்.

தீப்பெட்டி என்றதும் தமிழர் நினைவு சிவகாசிக்கும் சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் செல்லும். வைப்பாறும் அருச்சுனா நதியும் கூடும் இடத்தில் மாரியம்மன் கோயில் கொண்டிருக்கும் இருக்கன்குடி, இந்தக் கந்தக பூமியின் நடுவே உள்ள தலம். ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கிழமையில் அங்குத் திரளும் மக்கள் ஏற்றும் சூடத்திற்கும் மாவிளக்கிற்கும் தீ கொடுக்கும் குச்சி, பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஊர்களில் செய்யப்பட்டதாகவே இருக்கும். அந்த மண்ணில் நின்று இக்குறும்படத்தின் வரலாற்றை நோக்கினால், படத்திற்குள் தெரிவதும் படத்திற்கு வெளியே நிற்பதுமாகிய இரு தனிமைகள் புலப்படும். அவ்விரண்டையும் சேர்த்து நோக்குவதே இங்கு மேற்கொள்ளப்படும் முயற்சி.

தீக்குச்சிகள் நடந்த கதை

அனிமேஷன் என்று ஆங்கிலத்தார் கூறும் அசைபடக் கலைக்கும் தீக்குச்சிக்கும் தொடக்கத்திலிருந்தே உறவு உண்டு. அசையாப் பொருளொன்றை ஒரு முறை படம்பிடித்து, அதனை மயிரிழை நகர்த்தி மறுமுறை படம்பிடித்து, இவ்வாறு ஆயிரக்கணக்கான முறை செய்து, நொடிக்கு இருபத்துநான்கு படங்கள் என்னும் வேகத்தில் ஓட்டினால் அப்பொருள் தானே நடப்பதுபோல் தோன்றும். இக்கலையின் முன்னோடிகளுக்கு எளிதில் கிடைத்த நடிகன் தீக்குச்சியே. அது மெலிந்த உடலும் கரிய தலையும் உடையது, விலை மலிந்தது, சொன்ன இடத்தில் கிடப்பது.

இங்கிலாந்தில் ஆர்தர் மெல்போர்ன் கூப்பர் என்பவர் தீக்குச்சிகளை மனித உருவாக அடுக்கி, போர்முனையில் உள்ள வீரர்களுக்குத் தீப்பெட்டி அனுப்பப் பொருளுதவி கேட்கும் குறும்படம் ஒன்றைச் செய்தார். அது 1899-இல் போயர் போருக்காகச் செய்யப்பட்டதா, 1914-இல் முதல் உலகப் போருக்காகச் செய்யப்பட்டதா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பிரெஞ்சு நாட்டின் எமில் கோல் 1908-இல் தீக்குச்சிகள் உயிர்பெற்று ஆடும் படத்தை உருவாக்கினார்.

இந்தியாவிலும் கதை அவ்வாறே தொடங்கியது. 'ராஜா ஹரிச்சந்திரா' படத்தை 1913-இல் தந்த தாதாசாகேப் பால்கே, அதற்கு முன்பே ஒரு பட்டாணி விதை முளைத்துக் கொடியாக வளர்வதைச் சிறிது சிறிதாகப் பலநாள் படம்பிடித்துக் காட்டியவர். 1915-இல் அவர் செய்த குறும்படத்தின் பெயர் 'ஆக்காட்யாஞ்சி மௌஜ்'. மராத்தியில் அதற்குத் தீக்குச்சிகளின் களியாட்டம் என்று பொருள். ஆகவே இந்திய அசைபடத்தின் முதல் அடிகளுள் ஒன்றைத் தீக்குச்சியின் கால்களே எடுத்து வைத்தன. அன்று பம்பாய்க் கடைகளில் விற்ற தீப்பெட்டிகளுள் பெரும்பகுதி சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்தவை. சிவகாசியில் தீக்குச்சி பிறக்க இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன.

முதியோர்க்கும் உரிய கலை

விடுதலைக்குப் பின் இந்திய அரசின் திரைப்படப் பிரிவு, 1956-இல் பம்பாயில் கேலிச்சித்திரப் பட அலகு ஒன்றை நிறுவியது. வால்ட் டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் வந்து இளைஞர்களுக்குப் பயிற்சியளித்தார். அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர் ராம் மோகன். அவ்வலகில் உருவான படங்கள் பெரும்பாலும் அறிவுரைப் படங்கள். குடும்பநலம், சேமிப்பு, தூய்மை, ஒற்றுமை ஆகியன அவற்றின் பொருள்கள். விஜயா முளே இயக்கிய 'ஏக் அனேக் ஔர் ஏக்தா' 1974-இல் வெளிவந்து, தொலைக்காட்சி வழியாக ஒரு தலைமுறைக் குழந்தைகளின் நெஞ்சில் நிலைத்தது. இவற்றின் சிறப்பை மறுப்பதற்கில்லை. ஆயினும் அசைபடம் என்றால் குழந்தைக்கு வேடிக்கை, குடிமகனுக்குப் பாடம் என்னும் எண்ணம் நாட்டில் வேரூன்றிவிட்டது. மூப்பு, பிரிவு, சாவு, தீராத ஏக்கம் ஆகியவற்றை வரைபடம் சொல்லவியலும் என்று எண்ணியோர் சிலர்.

அச்சிலர் இல்லாமலில்லை. திரைப்படப் பிரிவில் பின்னணி ஓவியராகத் தொடங்கிய பீம்சேன், வெளியேறித் தாமே செய்த 'தி கிளைம்ப்' என்னும் குறும்படத்திற்குச் சிகாகோ விழாவில் வெள்ளி ஹியூகோ விருது பெற்றார். குஜராத்தில் பிறந்து கனடா சென்ற இசூ படேல், உயிர் உடலை விட்டு நீங்கும் கணத்தைப் பற்றிய 'ஆஃப்டர்லைஃப்' என்னும் படத்தை 1978-இல் தந்தார். உலக அரங்கில் மைக்கேல் துடோக் டி விட் 2000-இல் உருவாக்கிய 'தந்தையும் மகளும்' எட்டு நிமிடங்களில், ஒரு சொல்லும் பேசாமல், வாழ்நாள் முழுதும் நீளும் காத்திருப்பைக் காட்டியது.

சங்கச் செய்யுளைப் பயின்றோர்க்கு இம்முறை புதிதன்று. அகத்திணையில் தலைவியின் துயர் நேரே சொல்லப்படுவதைவிட நிலத்தின்மேலும் பொழுதின்மேலும் ஏற்றிச் சொல்லப்படுவதே மிகுதி. நண்டும் நாரையும் வாடிய தழையும் அவள் சொல்லாததைச் சொல்லும். உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் இலக்கணிகள் வகுத்தது அதுவே. பேச்சில்லாத அசைபடமும் அவ்வழியிலேயே செல்கிறது. முகத்தைவிட அறையும், அறையைவிட அதன் நிறமும் அங்கு மிகுதியாகப் பேசும்.

ஒருவர் கையால் ஒரு படம்

கீதாஞ்சலி ராவ் 1972-இல் பிறந்தவர். மும்பை ஜே. ஜே. கலைப் பள்ளியில் பயின்று 1994-இல் வெளிவந்தவர். நாடக மேடையில் சத்யதேவ் துபேயிடம் பயின்ற நடிகையுமாவார். அசைபடத் தொழிலை ராம் மோகனின் நிறுவனத்தில் கற்றார். அவ்வகையில் 1956-இல் தொடங்கிய மரபின் கண்ணி அவரிடம் வந்து சேர்கிறது. ஆனால் அவர் தேர்ந்த வழி வேறு. அறிவுரை சொல்லும் அரசுப் படமும் பொருள் விற்கும் விளம்பரப் படமும் அவருடைய உள்ளத்திற்குப் போதவில்லை. 2002-இல் 'ஆரஞ்சு' என்னும் குறும்படத்தைத் தாமே செய்தார். அதன்பின் ஏறத்தாழ மூன்றாண்டு உழைத்துப் 'பிரிண்டட் ரெயின்போ'வை நிறைவு செய்தார்.

இவ்வுழைப்பின் அளவை ஓர் எளிய கணக்கினால் உணரலாம். பதினைந்து நிமிடம் என்பது 900 நொடி. நொடிக்கு இருபத்துநான்கு சட்டம் என்றால் 21,600 சட்டங்கள். ஒரே ஓவியத்தை இரண்டு சட்டங்களுக்குப் பயன்படுத்தும் சிக்கன வழியில் சென்றாலும் 10,800 நிலைகளை எண்ண வேண்டும். பெரு நிறுவனங்களில் நூற்றுக்கணக்கானோர் பகிர்ந்துகொள்ளும் வேலை இது. தம் சொந்தப் பொருளையும் காலத்தையும் செலவிட்டு ஒரு பெண் இதனைத் தம் கையால் வரைந்து முடித்தார் என்பதே இப்படத்தின் முதற் சிறப்பு. தனிமையைப் பற்றிய படம் தனிமையில் உருவாயிற்று.

கதை மிகச் சுருக்கமானது. மாநகரின் அடுக்குமாடி வீடொன்றில் மூதாட்டி ஒருத்தி பூனையோடு வாழ்கிறாள். அவளுடைய அன்றாட வாழ்வு கறுப்பும் வெளுப்பும் சாம்பலுமாகவே காட்டப்படுகிறது. அவளிடம் தீப்பெட்டிகளின் சேகரம் உண்டு. ஒரு பெட்டியை எடுத்து அதன் படத்தை நோக்கியதும் திரை வண்ணத்தில் நிறைகிறது. மலிவான அச்சில் காணும் அதே அடர்ந்த சிவப்பும் மஞ்சளும் பச்சையும் விரிய, அவளும் பூனையும் அந்த நாட்டில் உலவுகின்றனர். நாட்டுப்புற ஓவியமும் சிற்றோவியமும் கடைத்தெரு ஓவியமும் அங்கு உறவாடுகின்றன. பின்னர் அவள் மீண்டும் சாம்பல் நிற அறைக்குத் திரும்பியாக வேண்டும். ஒவ்வொரு திரும்புதலிலும் அறையின் நிறமின்மை முன்னிலும் கனக்கிறது. முதுமை எதனை நோக்கிச் செல்கிறது என்பதைப் படம் மறைக்கவுமில்லை. அதைக் காட்டி அழவைக்க முயலவுமில்லை.

இங்குக் கருதத்தக்கது ஒன்று. கனவு காண்பவர் என்றால் இளையோர் என்பதே கதைகளின் வழக்கம். காதலும் வீரமும் அலைதலும் அவர்களுக்கே உரியன என்று உலகம் ஒதுக்கி வைத்திருக்கிறது. மூதாட்டிக்கு நினைவுகள் உண்டு, ஆசைகள் இல்லை என்று கொள்வதும் உலக வழக்கு. கீதாஞ்சலி ராவ் அவ்வழக்கை ஏற்கவில்லை. அவருடைய மூதாட்டி பழையதை எண்ணிப் பெருமூச்செறிபவள் அல்லள். காணாததைக் காணப் புறப்படுபவள்.

2006-இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் விமரிசகர் வாரப் பிரிவில் இப்படம் திரையிடப்பட்டது. கோடக் குறும்பட விருது, இளம் விமரிசகர் விருது, சிறு பொற்றண்டவாள விருது என அங்கு மூன்று விருதுகளைப் பெற்றது. பின்னர் அவர் 2014-இல் 'ட்ரூ லவ் ஸ்டோரி' என்னும் குறும்படத்தையும், 2019-இல் 'பாம்பே ரோஸ்' என்னும் முழுநீளப் படத்தையும் தந்தார். பின்னது வெனிஸ் விழாவின் விமரிசகர் வாரத் தொடக்கப் படமாகக் காட்டப்பெற்றது. தமிழ்நாட்டிலிருந்து வெகுதொலைவில் பிறந்த இக்கலை வாழ்வினுள், தமிழகத்துக் கரிசல் மண் எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதை அறியத் தீப்பெட்டிப் படத்தின் வரலாற்றைக் காண வேண்டும்.

கரிசலில் பிறந்த சிறுபடம்

உரசிப் பற்றவைக்கும் குச்சியை இங்கிலாந்தில் ஜான் வாக்கர் 1827-இல் விற்கத் தொடங்கினார். பெட்டியின் பக்கத்தில் மட்டும் உரசினால் பற்றும் காப்புத் தீக்குச்சி சுவீடனில் 1844-இல் உருவாயிற்று. இந்தியச் சந்தையைப் பிடிக்க வந்த சுவீடன், ஆஸ்திரிய, ஜப்பானிய நிறுவனங்கள் ஓர் உண்மையை விரைவில் உணர்ந்தன. எழுத்தறியாத மக்கள் பொருளைப் பெயரால் கேட்கமாட்டார்கள், படத்தால் கேட்பார்கள். ஆகவே இலக்குமியும் கண்ணனும் யானையும் புலியும் அயல்நாட்டில் அச்சாகி இந்தியத் துறைமுகங்களில் வந்திறங்கின. ராஜா ரவிவர்மாவின் ஓவியங்களைத் தழுவிய படங்களும் அவற்றுள் இருந்தன. ஜப்பானின் கோபே நகரத்துத் தீப்பெட்டியில் இந்து தெய்வம் வீற்றிருந்த காலம் அது.

1922-இல் இறக்குமதித் தீப்பெட்டிக்கான சுங்க வரி உயர்ந்தது. அவ்வாண்டிலேயே சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொழில் கற்கக் கல்கத்தா சென்றனர். சில மாதங்கள் அங்குத் தங்கி நுட்பங்களை அறிந்து திரும்பி, 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். மழை குறைந்த வானமும் உலர்ந்த காற்றும் மருந்து காய்வதற்கு ஏற்றன. பயிர் பொய்த்த ஊர்களில் வேலை தேடி நின்ற கைகள் மிகுதி. சாபம் என்று எண்ணிய வறட்சியே மூலதனமாயிற்று. அதே 1923-இல் சுவீடன் நிறுவனம் பம்பாயருகே விம்கோ ஆலையைத் தொடங்கியது. எந்திரத்தோடு கைத்தொழில் போட்டியிட வேண்டிய நிலை பிறந்த ஆண்டும் அதுவே.

தீப்பெட்டிக்குப் படம் வேண்டும். படத்திற்கு அச்சகம் வேண்டும். சிவகாசியில் அச்சுத்தொழில் வளர இது ஒரு பெருங்காரணம். கல்லச்சு முறையில் ஒவ்வொரு நிறத்திற்கும் ஒரு கல். ஒரே தாளில் பல படங்கள் வரிசையாக விழும். நான்கு நிறம் என்றால் தாள் நான்கு முறை அழுந்த வேண்டும். ஒரு முறை மயிரிழை விலகினாலும் மயிலின் நீலம் அதன் கழுத்தை விட்டு வெளியே வழியும். கிளியின் மூக்குச் சிவப்பு வானத்தில் நிற்கும். விலை மலிந்த படங்களில் இப்பிழை சாதாரணம். உண்மையான வானவில்லைப் போலவே இந்த அச்சு வானவில்லும் தன் கோட்டுக்குள் அடங்கி நிற்பதில்லை.

தொழிலுக்குத் துணையாக ஓவியர்களும் இவ்வட்டாரத்தில் இருந்தனர். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகத் திரைகள் தீட்டி, கோவில்பட்டியில் தங்கிய சி. கொண்டையராஜு (1898–1976) ஒரு மரபையே உருவாக்கினார். அவரும் அவருடைய மாணாக்கர்களும் தீட்டிய தெய்வப் படங்கள் சிவகாசியில் நாட்காட்டிகளாக அச்சாகி இந்தியா முழுவதும் பூசையறைகளை அடைந்தன. நாட்காட்டிப் படத்தில் ஓவியரின் பெயர் ஓரத்திலேனும் இருக்கும். தீப்பெட்டிப் படத்திற்கு அதுவும் இல்லை. நிறுவனப் பெயர் உண்டு, வணிகக் குறி உண்டு, ஊர் உண்டு. வரைந்தவர் பெயர் காணப்படுவதில்லை.

இருந்தும் அச்சிறுபடத்தின் உலகம் பரந்தது. கப்பல், ரயில், சாவி, கத்தரிக்கோல், தாமரை, சேவல், தேசத் தலைவர், திரை நட்சத்திரம், விமானம் என எல்லாம் அதற்குள் அடங்கின. நாட்டின் வேட்கைகள் யாவும் இரண்டு விரல் அகலத்தில் அச்சாகி மூலைமுடுக்கெல்லாம் சென்றன. மும்பை அடுக்குமாடியில் இருந்த கற்பனை மூதாட்டிக்கு உலகமாக அமைந்தது இம்மரபே. அவளுடைய கனவுக்கு வண்ணம் தந்ததில் சிவகாசி அச்சுக்கூடங்களுக்கும் பங்குண்டு.

பெட்டியின் மறுபக்கம்

தீப்பெட்டிக்கு ஒரு பக்கம் படம். அடுத்த பக்கம் உரசும் மருந்து. தொழிலின் வரலாறும் அவ்வாறே இரு பக்கம் உடையது.

கையால் தீப்பெட்டி செய்வதென்பது எண்ணற்ற சிறு அசைவுகளின் தொகுதி. குச்சிகளை ஒவ்வொன்றாகப் பள்ளம் வெட்டிய சட்டங்களில் வைத்துக் கட்டை அடுக்குவர். அடுக்கிய கட்டையை முதலில் மெழுகிலும் பின்னர் மருந்திலும் முக்குவர். காய்ந்த குச்சிகளைப் பெட்டியில் அடைப்பர். பெட்டி ஒட்டுவதும் படம் ஒட்டுவதும் வேறு கைகள். 600 பெட்டி சேர்ந்தால் ஒரு பண்டல். கூலி நாளுக்கன்று, எண்ணிக்கைக்கு. அடுக்கிய கட்டைக்கு இவ்வளவு, ஒட்டிய பெட்டிக்கு இவ்வளவு என்பதே கணக்கு. எண்ணிக்கைக்குக் கூலி என்றபோது விரல்களின் வேகமே வருமானமாயிற்று. சிறிய விரல்கள் விரைந்து ஓடும் என்னும் கொடிய நியாயமும் கூடவே வந்தது.

பொழுது விடியுமுன் ஊருக்குள் வரும் ஆலை வண்டியில் குழந்தைகள் ஏற்றப்பட்டுச் சென்ற காட்சி, 1970-களிலும் 1980-களிலும் சிவகாசி, சாத்தூர் வட்டாரக் கிராமங்களில் அன்றாடக் காட்சி. அரைத் தூக்கத்தில் அள்ளிக் கொண்டு போகப்பட்ட அக்குழந்தைகளில் பெண்பிள்ளைகளே மிகுதி. தம்பி பள்ளிக்குச் செல்ல அக்காள் கட்டை அடுக்கினாள். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. எனினும் குடும்பத்தோடு வீட்டில் செய்யும் வேலைக்கு அது விலக்களித்ததால், பெட்டி ஒட்டும் வேலை திண்ணைகளில் தொடர்ந்தது. சலம் பென்னூர்கர் 1990-இல் உருவாக்கிய 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்னும் ஆவணப்படம் இந்நிலையை வெளியுலகிற்குக் காட்டியது. எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடர் மிகுந்த தொழிலில் குழந்தையை அமர்த்தியவர் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றும், அத்தொகை குழந்தைகளின் நல்வாழ்வு நிதியாக வேண்டும் என்றும் அது பணித்தது. நாவலாசிரியர் பூமணி இம்மண்ணின் துயரை நெஞ்சில் ஏற்றி, தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் துணையோடு 'கருவேலம் பூக்கள்' என்னும் திரைப்படத்தை இயக்கினார். கரிசல் எழுத்தாளர் ஒருவர் பேனாவை வைத்துவிட்டுப் படக்கருவியின் பின்னே சென்று நின்றது, எழுத்தில் மட்டும் சொல்லி அடங்காத பொருள் அது என்பதனாலேயே.

உலகில் எங்கும் தீக்குச்சியின் வரலாறு பெண்களின் கைகளின் வரலாறே. லண்டனில் 1888-இல் பிரையண்ட் அண்ட் மே ஆலையின் பெண் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, வெண்பாஸ்பரத்தால் தாடையெலும்பு அரிக்கப்பட்ட பெண்களின் துயர் வெளிப்பட்டது. சிவகாசியின் காப்புத் தீக்குச்சியில் அந்த நஞ்சு இல்லை. ஆயினும் வளைந்த முதுகும், மருந்து நெடியும், எழுதப் பழகாத விரல்களும் இருந்தன. பேனா முள்ளுக்குப் பெயர்பெற்ற சாத்தூரைச் சுற்றியே எழுத்தறியாச் சிறுமியர் வளர்ந்தனர் என்பது வரலாற்றின் முரண்.

இரு தனிமைகள்

'பிரிண்டட் ரெயின்போ' வெளிவந்த அதே 2006-இல் டிஸ்னி நிறுவனமும் தீக்குச்சி பற்றிய ஒரு குறும்படத்தை வெளியிட்டது. டென்மார்க்கின் ஹான்ஸ் ஆண்டர்சன் 1845-இல் எழுதிய தீக்குச்சி விற்கும் சிறுமியின் கதையை ரோஜர் ஆலர்ஸ் அசைபடமாக்கினார். அதுவும் பேச்சில்லாப் படமே. பனியில் நடுங்கும் சிறுமி விற்காத குச்சிகளைக் கொளுத்துகிறாள். ஒவ்வொரு சுடரிலும் ஒரு கனவு தோன்றுகிறது. குச்சி அணையக் கனவும் அணைகிறது.

இரு படங்களையும் அருகருகே வைத்து நோக்குதல் தகும். ஒன்றில் சிறுமி, மற்றொன்றில் மூதாட்டி. ஒன்றில் சுடர் கனவாகிறது. மற்றொன்றில் படம் கனவாகிறது. சிறுமியின் கனவு குச்சி எரியும் வரையே நிற்கும். மூதாட்டியின் கனவோ பெட்டி உள்ளவரை நிற்கும். ஆண்டர்சனின் சிறுமிக்குத் தீக்குச்சி பிழைப்பு. அதனால் அதைக் கொளுத்துவது அவளுக்குக் குற்றமாகவும் தெரிகிறது. மூதாட்டிக்கு அது சேகரம். அதை நோக்குவதில் இழப்பேதும் இல்லை. சாத்தூர் வட்டாரத்துச் சிறுமி இவ்விருவருள் யாருக்கு உறவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவளுக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. வண்ணப் படங்கள் அவள் கைவழியே ஆயிரக்கணக்கில் சென்றன. மயிலும் கப்பலும் விமானமும் பசைதடவி ஒட்டப்பட்டுப் பண்டல் பண்டலாகப் போயின. அவற்றுள் ஒன்றினுள்ளும் புகுந்து பார்க்க அவளுக்குப் பொழுது இருந்ததில்லை. நின்று நோக்கினால் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும்.

தீப்பெட்டிப் படத்தின் இரு முனைகளிலும் ஒரு தனித்த பெண் இருக்கிறாள். ஒரு முனையில் பொழுது மிகுந்து வண்ணம் இழந்த மூதாட்டி. மறுமுனையில் வண்ணம் மிகுந்து பொழுது இழந்த சிறுமி. இருவரும் ஒருவரை ஒருவர் அறியார். இருவரையும் சேர்ப்பது ஒரு காகிதத் துண்டு. கீதாஞ்சலி ராவின் படம் முதல் முனையைக் காட்டுகிறது. மறுமுனையைக் காட்டவில்லை என்பது அதன் குறையாகாது. பதினைந்து நிமிடத்தில் ஒரு மனத்தை முழுதும் காட்டியதே அதன் நிறைவு. அன்றியும் யாரும் மதியாத ஒரு சிறுபடத்தை உற்று நோக்கும்படி அது உலகைக் கேட்டுக்கொண்டது. உற்று நோக்கத் தொடங்கியவர், அதை ஒட்டிய விரலை ஒருநாள் காணாமல் இருக்க முடியாது.

கவிஞர் முன்னுள்ள பணி

இன்று அத்தொழில் உருமாறிவிட்டது. குழந்தைகள் பள்ளிக்குச் சென்றனர். கையால் கட்டை அடுக்கிய இடங்களில் எந்திரங்கள் வந்தன. மரச்சில்லுப் பெட்டியின் இடத்தை அட்டைப் பெட்டி பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. படம் அட்டையிலேயே அச்சாகிவிடுவதால் ஒட்டும் வேலை குறைந்தது. 2007-இல் 50 காசிலிருந்து ஒரு ரூபாயாக உயர்ந்த தீப்பெட்டியின் விலை, 14 ஆண்டு கழித்து 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயாயிற்று. அயல்நாட்டு மலிவு லைட்டர்கள் தொழிலை நெருக்கவே, 20 ரூபாய்க்குக் குறைந்தவற்றின் இறக்குமதிக்கு 2023-இல் தடை வந்தது. ஒட்டிய படமுள்ள பழைய பெட்டிகள் சேகரிப்போரின் ஏடுகளுக்குள் சென்று அடைந்துகொண்டிருக்கின்றன. படங்கள் பாதுகாக்கப்படுவது மகிழ்ச்சிக்குரியது. அவற்றை ஒட்டியவர்களின் நினைவுகளுக்கு அத்தகைய ஏடு வேண்டாவா?

கட்டை அடுக்கிய சிறுமியர் இன்று நடுவயதையும் முதுமையையும் எட்டியுள்ளனர். அவர்களுள் பலர் ஆடி வெள்ளியில் அக்கினிச் சட்டி ஏந்தி இருக்கன்குடி வருவோரின் திரளிலும் இருப்பர். கண்நோயும் அம்மையும் தீர வேண்டி மக்கள் நேர்ந்துகொள்ளும் கோயில் அது. மங்கிய கண்களோடும் தேய்ந்த விரல்களோடும் தனித்த வீடுகளில் வாழும் அம்முதியவர்கள், மும்பைக் குறும்படத்தின் மூதாட்டிக்கு இப்போது வயதாலும் தனிமையாலும் உடன்பிறந்தவர்கள். பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் அயல்நாட்டிற்கும் சென்ற பின், அவர்களுடைய அறைகளும் சாம்பல் நிறம் கொண்டிருக்கக்கூடும். இரு தனிமைகளும் ஒரே பெண்ணிடம் வந்து சேர்ந்திருக்கும் காலம் இது.

இப்பொருள் கவிஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் உரியது. ஓர் ஓவியர் அரசுதவியும் பெரு நிறுவனமும் இன்றி, தம் கையையே நம்பி, மூன்றாண்டில் பதினைந்து நிமிடத்தை உலகுக்குத் தந்தார். கணிப்பொறி எளிதாகியுள்ள இந்நாளில், கரிசல் ஊர்களின் இளையோர்க்கு அம்முயற்சி எட்டாத ஒன்றன்று. அவர்கள் வரைய முன்வந்தால், அவர்களுக்கு வேண்டிய சொல்லும் நினைவும் இங்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். கட்டை அடுக்கிய கைகள் சொல்லும் கதைகளைக் கேட்டு எழுதி வைப்பது அதற்கு முதற்படி. விடியுமுன் வந்த வண்டியின் ஒலி, பசைக் கிண்ணத்தின் மணம், எண்ணிக்கை பிசகாதிருக்க அவர்கள் மனத்துக்குள் சொல்லிக்கொண்ட சொற்கள் ஆகியவை இன்னும் அழியவில்லை. அவற்றைச் சொல்வோர் இன்னும் நம்மிடையே உள்ளனர்.

அவர்களை நாடிச் சென்று கேட்போர் தீப்பெட்டியின் படத்தை மறுபடியும் அவர்கள் கையில் கொடுத்துக் கேட்கட்டும். ஒட்டி அனுப்பிய அந்தக் கப்பலில் ஏறிச் செல்ல அப்போது ஆசையிருந்ததா என்று கேட்கட்டும். இம்முறை நின்று நோக்கினால் கூலி குறையாது.